இந்தச் செயலி சொல்லும் நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள்

கணக்குத் தணிக்கை என் பிழைப்பு. யாராவது ஒரு மதிப்பீட்டை நீட்டினால், உண்மையில் ஆன செலவு என்ன என்று பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. மலைக்குப் போனாலும் இந்தப் புத்தி கூடவே வருகிறது. அதனால்தான் இந்த விமர்சனம் கொஞ்சம் நோட்டுப்புத்தக வாடை அடிக்கும்.

நடைப்பாதை வரைந்து திட்டமிடும் செயலி ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் வைக்கும் குறைகளில் பாதியாவது இதே வகைச் செயலி எதை எடுத்தாலும் இருக்கும் என்பது என் சந்தேகம். பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும். அரை நாள் நடை முதல் கூடாரம் சுமந்துபோன ஐந்து நாள் பயணம் வரை 23 முறை இதை நம்பிக் கிளம்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் செயலி சொன்ன நேரம் இடது பக்கம், நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் வலது பக்கம்.

முதல் பதிவு இது: 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். செயலி சொன்னது 3 மணி 55 நிமிடம். எங்களுக்கு ஆனது 6 மணி 20 நிமிடம். அடுத்தது 8 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம். செயலிக்கு 2 மணி 5 நிமிடம், எங்களுக்கு முழுதாக 3 மணி நேரம். மூன்றாவது 16 கிலோமீட்டர், 600 மீட்டர். அங்கே 4 மணி 10 நிமிடம், இங்கே ஆறரை மணி. நாங்கள் ஒன்றும் ஆமைகள் இல்லை. நானும் என் மகளும் நன்றாகவே நடப்போம். ஆனால் நிற்போம், தண்ணீர் குடிப்போம், ஷூவுக்குள் போன கல்லை எடுப்போம், படம் பிடிப்போம், வழி சரிதானா என்று விவாதம் செய்வோம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று செயலியின் உதவிப் பக்கங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு விதி உண்டு: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். என் முதல் நடைக்கு அதைப் போட்டால் 3 மணி 54 நிமிடம் வருகிறது. இரண்டாவதுக்கு 2 மணி 6 நிமிடம். மூன்றாவதுக்கு 4 மணி 12 நிமிடம். அவ்வளவுதான், பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. பளபளக்கும் திரைக்குப் பின்னால் நூற்றுமுப்பது வருடப் பழைய வாய்ப்பாடு, அல்லது அதன் நெருங்கிய சொந்தம், உட்கார்ந்திருக்கிறது.

விதியில் தப்பில்லை. ஓய்வே இல்லாமல், நல்ல பாதையில், தேறிய உடம்போடு நடப்பவருக்கான கணக்கு அது. அதைச் செயலி சொல்லாததுதான் தப்பு. இறக்கத்துக்கு அதில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. என் இடது முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். புவியியலாளர் வால்டோ டோப்லர் 1993-இல் வெளியிட்ட சூத்திரம் என் முழங்கால் பக்கம். அதன்படி மனிதர்கள் மிக வேகமாக நடப்பது சமதளத்தில் அல்ல. 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் மென்மையான சரிவில், மணிக்கு 6 கிலோமீட்டர். சமதளத்தில் அது 5 ஆகிறது. சரிவு 100-க்கு 40 என்று செங்குத்தாகிவிட்டால், இறங்கும்போதும் மணிக்கு 2 கிலோமீட்டருக்குக் கீழே போய்விடுகிறது. செயலியில் 'மெதுவாக', 'நடுத்தரம்', 'வேகமாக' என்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. 'மெதுவாக' என்பதை அழுத்தினால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இழுத்து நீட்டுகிறது. ஏற்றத்தில் எனக்கு அவ்வளவு தேவையில்லை, இறக்கத்தில் அது போதவில்லை.

ஆகவே என் நோட்டுதான் எனக்கு விதி. சின்னப் பையோடு ஒரு நாள் நடை என்றால் செயலியின் நேரத்தை 1.55-ஆல் பெருக்குகிறேன். 14 கிலோ சுமையோடு கிளம்பிய ஐந்து நாள் பயணத்தின் முதல் நாளில் அது 1.8 ஆனது. நான்காம் நாள், சாப்பாடும் எரிவாயுவும் தீர்ந்து பை இளைத்தபின், 1.6. உங்கள் எண் வேறாக இருக்கும். நாலைந்து நடைக்குக் குறித்துப் பாருங்கள், அதுவாகவே ஒரு இடத்தில் வந்து நிற்கும். இந்தப் பெருக்கலைச் செயலியே செய்யலாம், நான் நடந்த பதிவுகள் எல்லாம் அதனிடம்தானே இருக்கின்றன! செய்வதில்லை.

பின்னே எதற்கு இரண்டு வருடம் காசு கட்டினேன் என்று கேட்பீர்கள். வரைவதற்காக. அந்த விஷயத்தில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். விரலால் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளி வரை பாதையை ஒட்டியே கோடு ஓடுகிறது. ஏற்ற இறக்கப் படம் கீழே அப்படியே மாறிக்கொண்டு வருகிறது. அந்தப் படத்தில் விரலை நகர்த்தினால் வரைபடத்தில் அந்த இடம் மினுங்குகிறது. ஆறாவது கிலோமீட்டரில் ஒரு செங்குத்து காத்திருக்கிறது என்று வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். முக்கியப் பாதையிலிருந்து பாதியில் கழன்று இறங்க வேண்டிவந்தால் எந்த வழி என்பதை வேறு நிறத்தில் வரைந்து வைக்கலாம். ஒவ்வொரு புள்ளியிலும் குறிப்பு எழுதலாம். நான் அங்கே எழுதுவது பெரும்பாலும் ஒரே வகை: 'பகல் 1 மணிக்குள் இங்கே வராவிட்டால் திரும்பு.' மேலே போனபின் அந்த முடிவை எடுக்க முடியாது. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எல்லோரும் வக்கீல் ஆகிவிடுகிறார்கள்.

சூரியன் மறையும் நேரத்தையும் காட்டுகிறது. நல்லதுதான், ஆனால் அது தடையில்லாத அடிவானத்துக்கான நேரம். மேற்கே ஒரு மலைமுகடு நின்றால் பள்ளத்தாக்கில் வெயில் அதற்கு வெகு முன்பே போய்விடும். ஒருமுறை எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டது. கூடாரக் கயிற்றை விறைத்த விரல்களோடு கட்டினோம். வானிலைப் பெட்டி அன்று இரவு 12 டிகிரி என்று காட்டியிருந்தது. பிறகுதான் பார்த்தேன், அது நாங்கள் புறப்பட்ட அடிவாரத்தின் வெப்பநிலை. முகாம் அதற்கு 1,400 மீட்டர் மேலே. 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் 9 டிகிரி கழிய வேண்டும். கழித்தால் 3. அந்த 3 டிகிரியை நாங்கள் இருவரும் எலும்பில் உணர்ந்தோம். பாதையின் உயரம் அதற்குத் தெரியும், வெப்பநிலையும் தெரியும், கழிக்க மட்டும் தெரியாது.

இனி அந்த ஓடை விவகாரம். ஐந்து நாள் பயணத்தின் இரண்டாம் நாள், ஏற்ற இறக்கப் படத்தில் 2 கிலோமீட்டர் மேசை போல நேராக இருந்தது. காலையிலேயே மகளிடம் "இன்னிக்கு நடுவுல ஒரு ஜாலியான பகுதி வருது" என்று அறிவித்துவிட்டேன். போய்ப் பார்த்தால் குறுகலான ஒரு பள்ளம், ஆழம் 20 மீட்டருக்குக் குறையாது. வேரைப் பிடித்து இறங்கி, ஓடையைத் தாண்டி, மண் சரியும் எதிர்க்கரையில் தவழ்ந்து ஏறினோம். கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி இன்னொன்று. "அம்மா, இது சமதளம்னு நீதானே சொன்ன?" என்று பையைக் கீழே போட்டாள்.

காரணத்தை வீடு திரும்பியபின் புரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட செயலிகள் பலவும் உயரத்தை எடுப்பது விண்வெளியிலிருந்து அளந்த தரவுகளிலிருந்து. அவற்றில் பெயர்பெற்றது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்தது. அதில் உயரம் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் ரேடார் மண்ணைத் தொடாமல் மரத் தலைகளிலிருந்தே பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டு கரை மரங்களும் மேலே கைகோத்து நிற்கிற ஒடுங்கிய பள்ளம் அந்த வலையில் விழவே விழாது. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை வரைபடத்தில் இணைக்கும் சமஉயரக் கோடுகளுக்கும் இதே பலவீனம் உண்டு. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 15 மீட்டர் பாறைச் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். ஆகவே இப்போது, ஓடையைக் குறிக்கும் நீலக் கோடு பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் எல்லாம் படம் என்ன சொன்னாலும் அரை மணி சேர்த்துக்கொள்கிறேன்.

பாதைக் கோடுகளிலும் ஒரு வருத்தம். செயலி பாதைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கிறது. 2004-இல் தொடங்கி, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்துவரும் வரைபடம் அது. பாதை தரையில் எவ்வளவு தெளிவாகத் தெரியும், சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் டி1 முதல் டி6 வரையிலான அளவில் எவ்வளவு கடினம் என்பதையெல்லாம் குறிக்க அதில் இடம் இருக்கிறது. வரைந்த புண்ணியவான் அதை நிரப்பியிருந்தாலும் செயலி எல்லாவற்றையும் ஒரே புள்ளிக் கோடாகத்தான் காட்டுகிறது. கோட்டை நீளமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் விவரம் வருகிறது. டி1 என்பது யாரும் நடக்கும் பாதை, டி4 வந்துவிட்டால் சில இடங்களில் கையும் வேலை செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோடா?

பையின் எடைப் பட்டியல் வசதி இருக்கிறது. அது பரவாயில்லை. ஒரே ஒரு ஓட்டை: தண்ணீரை எடையில் சேர்ப்பதில்லை. மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. இப்படி ஒரு செலவை ஏட்டில் மறைத்த நிறுவனத்தை நான் என் வேலையில் விட்டிருக்க மாட்டேன்.

இப்போது பெரிய புகார். ஒரு மூன்று நாள் பயணத்துக்கு முந்தைய இரவு செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் பாதை தொடங்கும் இடத்தில் சிக்னல் இல்லை. திறந்தால் மறுபடி உள்நுழையச் சொல்கிறது! நான் இறக்கி வைத்திருந்த ஆஃப்லைன் வரைபடங்கள் எல்லாம் போனுக்குள்தான் இருக்கின்றன, ஆனால் கதவு பூட்டியிருக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் சாம்பல் நிறக் கட்டங்களின் மேல் ஒரு நீலப் புள்ளி துடிப்பதைப் பார்த்து என்ன செய்வது? வாடிக்கையாளர் சேவைக்குப் பிறகு எழுதினேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம், புறப்படும் முன் உள்நுழைந்திருப்பதை உறுதிசெய்யவும்' என்று பதில் வந்தது. உறுதிசெய்கிறேன், ஐயா. இப்போதெல்லாம் கிளம்பும் நாள் காலையில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, செயலியை மூடித் திறந்து, வரைபடம் வருகிறதா என்று பார்த்தபின்தான் ஷூ மாட்டுகிறேன்.

அன்று பயணம் நின்றுபோகாததற்குக் காரணமும் இதே செயலிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதன் அச்சு வசதி அருமை. 1:25,000 அளவில் பாதையோடு பக்கம் பக்கமாகத் தருகிறது. திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் அந்த இடத்தில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதைக்கூட மூலையில் போட்டுவிடுகிறது. அந்தத் தாள்களும் ஒரு திசைகாட்டியும் எங்களை மூன்று நாள் கூட்டிப்போயின. ஒரு எச்சரிக்கை: அச்சிட்டபின் அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். இந்த அளவில் ஒரு கிலோமீட்டர் 4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். என் முதல் தாளில் 3.7 இருந்தது. தாளுக்குள் அடக்குகிறேன் பேர்வழி என்று பிரிண்டர் சுருக்கிவிட்டிருந்தது. தாளில் உள்ள அளவுகோலும் சேர்ந்தே சுருங்குவதால் அது பொய் சொல்லாது, ஆனால் திசைகாட்டியின் ஓரத்தில் இருக்கும் அளவை வைத்துத் தூரம் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கடைசியாக, திட்டத்தை வீட்டில் இருப்பவர்களோடு பகிரும் வசதி. பொத்தானைத் தட்டினால் ஒரு இணைப்பு போகிறது. அக்காவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ராத்திரி போன் வந்தது. "என்னடி அனுப்பியிருக்க? திறந்தா கணக்கு தொடங்கு, கடவுச்சொல் போடுங்குது. நீ எங்க போற, எப்ப வருவ, அதை மட்டும் சொல்லு." மலையில் எனக்கு ஏதாவது ஆனால் என் பாதையைப் பார்க்க வேண்டியவர் அக்கா. அவர் புதிதாகக் கணக்குத் தொடங்கி, மின்னஞ்சலைச் சரிபார்த்து, அப்புறம்தான் பார்க்க முடியும் என்றால் அந்த வசதி யாருக்கு?

அதற்குப் பதில் இப்போது ஒரு தாள். எந்த இடத்தில் தொடங்குகிறோம், எங்கே தங்குகிறோம், எத்தனை பேர், கூடாரம் என்ன நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் யாரை அழைக்க வேண்டும். அக்கா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறார். நான் திரும்பி வந்து போன் செய்தபின் கிழித்துப்போடுகிறார்.

சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பேன், வரைவதற்கும் அச்சிடுவதற்கும் இதைவிட நல்லது என் கைக்கு இன்னும் கிடைக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் பரிந்துரைப்பேன், ஒரு பேனாவும் நோட்டும் கூட வாங்கிக்கொள்வார்கள் என்றால். வருகிற ஞாயிறு 11 கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம். செயலி 3 மணி 20 நிமிடம் என்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் 5 மணி 10 நிமிடம் என்று எழுதியிருக்கிறது.