தேய்ந்த ஜோடியா, பளபளக்கும் ஜோடியா?

தங்க ரேக்கு (காகிதத்தைவிட மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய பழைய பிரெஞ்சு மர மெழுகுவத்தித் தாங்கிகள் இரண்டு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் நின்றால், கண் முதலில் பளபளக்கிற ஜோடிக்குத்தான் போகும். நான் தேய்ந்ததைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

18ஆம் நூற்றாண்டுத் தாங்கியில் மரவேலை பாதிதான். செதுக்கிய மரத்தின் மேல் சுண்ணப் பொடியையும் முயல்தோலைக் காய்ச்சி எடுத்த பசையையும் குழைத்துப் பத்துக் கோட் வரை பூசுவார்கள். அதில் செதுக்கல் மழுங்கிவிடும். காய்ந்ததும் சிறு கொக்கி உளிகளால் இலை நரம்பு வரை மறுபடி கீறி எடுப்பார்கள். அப்புறம் மஞ்சள் களிமண், சிவப்புக் களிமண்; அதை நனைத்து ரேக்கு; கடைசியில் அகேட் கல்லால் மெருகு. மேடான இடங்களில் தங்கம் தேய்ந்து சிவப்பு எட்டிப் பார்ப்பது இதனால்தான். கையே படாத குழியிலும் சிவப்பு தெரிந்தால் சந்தேகப்படுங்கள், யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கலாம்.

மரம் என்று இளக்காரம் வேண்டாம். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி 1689இல் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளிச் சாமான்களை உருக்கக் கொடுத்துவிட்டார். பிற்பாடு 1770இல் இளவரசர் கல்யாணத்துக்கு அதே அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் நின்றவை தங்க ரேக்கு ஒட்டிய மரத் தாங்கிகள்தான்.

மூன்றாம் நெப்போலியன் காலத்து (1852–70) ஜோடிகள் பார்வைக்கு அதே பாணிதான். ஆனால் பலவற்றில் பூவும் இலையும் செதுக்கியவை அல்ல, அச்சில் வார்த்து ஒட்டியவை. இடதும் வலதும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். எண்ணெய்ப் பசை மேல் ரேக்கு ஒட்டியிருந்தால் கல் மெருகு ஏறாது, ஒரே மந்தமான மஞ்சள். அறையை அலங்கரிக்க மட்டும் வேண்டுமா? சரி, இது போதும்.

மூன்றாவது ரகம் பித்தளைப் பொடி பெயின்ட் அடித்தது. தங்கம் கறுக்காது, இது பழுப்பாகிவிடும். சில சமயம் அதற்கு அடியில் பழைய ரேக்கு பத்திரமாக இருக்கும், பிரித்தெடுக்கத்தான் பொறுமையும் பணமும் வேண்டும். சோதிக்கிறேன் என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். களிமண் மேல் ஒட்டிய ரேக்கு தண்ணீரில் கையோடு வந்துவிடும்.

தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். மேலே மெழுகுவத்தி செருகும் கூர்முனை போய், மின்விளக்காக மாற்றக் கம்பிக்கு நடுவே துளை போட்டிருப்பார்கள். விலையைக் குறைத்துக் கேட்க அது போதும். துளை விழுந்த 18ஆம் நூற்றாண்டு ஜோடியா, துளை இல்லாத அச்சுப் பூ ஜோடியா என்றால் எனக்குத் துளை விழுந்ததே போதும்.