கொல்லங்கோட்டுக் கல்யாணமும் திரும்பி வந்த காசோலையும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பகுதிகளில் திருமணங்களை மொத்தமாக எடுத்து நடத்தித் தரும் முகவர் ஒருவரிடம் நான் ஏமாந்த விவரத்தை எழுதுகிறேன். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்க் கல்யாணங்களுக்கு வாசிக்க வந்து போகும் நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்காகவே இது.

நான் சித்தூர்க்காரன். அப்பாவிடம் நாதஸ்வரம் கற்று, அவருடைய செட்டிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்த பிறகு, கணக்கர் வேலைக்காக ஷார்ஜா சென்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் நாதஸ்வரம் ஊத முடியாது என்பதால், விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே மணல்வெளியில் காரை நிறுத்திவிட்டுச் சாதகம் செய்வேன். அந்த முகவரோ தம்முடைய விளம்பர அட்டையில் என் படத்தைப் போட்டு, 'ஷார்ஜா புகழ்' என்று அச்சிட்டிருந்தார். ஷார்ஜாவில் என் வாசிப்பைக் கேட்டவை பெரும்பாலும் ஒட்டகங்கள்தாம்.

ஆடி மாதத்தில் அவர் வாட்ஸாப்பில் அழைத்தார். பெண் வீட்டார் தோஹாவில் வசிப்பவர்கள் என்றும், ஆவணி முகூர்த்தத்தில் கொல்லங்கோட்டில் கல்யாணம் என்றும், மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், நலுங்கு என்று பழைய முறையில் முழு மேளம் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி அடங்கிய செட்டுக்கு 65,000 ரூபாய் என்றும், ஓணத்தை ஒட்டிய நாட்களில் விமானக் கட்டணம் ஏறிக் கிடக்கும் என்பதால் என் பயணத்துக்குத் தனியாக 22,000 ரூபாய் என்றும் பேசி முடித்தோம். அச்சாரமாக 10,000 ரூபாய் அனுப்பினார். பேச்சு முழுவதும் குரல் பதிவுகளாகவே நடந்தது. ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. "வீட்டுக்காரங்களை நீங்க நேரா கூப்பிட வேண்டாம் அண்ணா, அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னபோது, அதை உபசாரமாக எடுத்துக்கொண்டேனே தவிர, பெண் வீட்டாரும் நானும் ஒருவரோடு ஒருவர் பேசாதிருப்பதில்தான் அவருடைய பிழைப்பே அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கல்யாணத்தன்று எங்களைப் பந்தலின் பின்புறம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மழை ஈரத்தில் தவிலின் தோல் தொய்ந்து தொய்ந்து போயிற்று. ஐயர் கை காட்டுவது எங்களுக்குத் தெரியாததால், கெட்டிமேளத்துக்குச் சைகை கொடுக்க ஒரு சிறுவனை நடுவில் நிறுத்தி வைத்தோம். இதெல்லாம் எங்கள் தொழிலில் பழகிய சங்கடங்கள்தாம். நலுங்கு முடிந்து, தாம்பூலத்தோடு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்த பெண்ணின் தகப்பனார், "டிக்கெட் செலவும் சன்மானமுமாக 1,40,000 ரூபாயை முன்னமே கொடுத்துவிட்டோம், உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டபோது, எனக்குப் பதில் எழவில்லை. அவரும் என்னைப் போலவே ஏமாந்திருந்தார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

அன்று மாலையே முகவரைப் பிடித்தேன். ஓணம் கழிந்தால் பணம் வந்துவிடும் என்று சொல்லி, மூன்று வாரம் தள்ளித் தேதியிட்டு 77,000 ரூபாய்க்கு ஒரு காசோலையை, என் மைத்துனர் உடனிருக்கும்போது எழுதிக் கொடுத்தார். உடன் வாசித்த நால்வருக்கும் என் கையிலிருந்து 25,500 ரூபாய் கொடுத்தேன். என்னை நம்பி வந்த தவில்காரர்களிடம் காசோலையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதிக் குற்றம் என்னுடையது. காசோலையை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறினேன். அவர் அதை என்னுடைய என்ஆர்இ கணக்கில் போட முயன்றார். அந்தக் கணக்கு வெளிநாட்டில் ஈட்டிய பணத்துக்கானது. இங்கே வாசித்து ஈட்டும் ரூபாய் என்ஆர்ஓ கணக்கில்தான் சேர வேண்டும் என்று வங்கியில் மறுத்துவிட்டார்கள். மறுபடி சரியான கணக்கில் போட்டபோது, கணக்கில் பணம் இல்லை என்ற குறிப்போடு காசோலை திரும்பியது. முகவர் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று கெஞ்சியதை நம்பிய மைத்துனர், என் மனம் வருந்தும் என்று நினைத்து, நாற்பது நாட்கள் எனக்குச் சொல்லவே இல்லை.

முகவர் வாரக்கணக்கில் இழுத்தடித்ததன் காரணத்தைப் பாலக்காட்டு வழக்கறிஞர் விளக்கினார். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போடுவதில் ஏற்படும் தாமதத்தை நீதிமன்றம் தக்க காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அறிவிப்பு தாமதமானால் அதற்கு வழியில்லை. எங்களுக்கு அந்த 30 நாட்கள் கடந்துவிட்டிருந்தன. ஆனால் காசோலை அதன் தேதியிலிருந்து 3 மாதம் செல்லும் என்பதால், அந்தக் காலம் முடிய ஒன்பது நாட்களே இருந்தபோது வழக்கறிஞர் அதை மறுபடியும் வங்கியில் போடச் சொன்னார். அது மறுபடியும் திரும்பியது. புதிய குறிப்பு கிடைத்த மூன்றாம் நாளே அறிவிப்பு அனுப்பினோம். திரும்பிய காசோலையைக் கண்டு நான் மகிழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

முகவரின் அலுவலகம் திருச்சூரில் இருக்கிறது. ஆயினும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கிளை இருக்கும் எல்லையிலேயே வழக்குப் போடலாம் என்பதால், சித்தூரிலேயே போட்டோம். எனக்காக மைத்துனர் நடத்துவதற்கு, துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பினேன்; அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த உறையின்மேல் ஆங்கிலத்தில் நான் எழுதிய எழுத்துக்கூட்டலால், கூரியர்காரர்கள் அதை ஆந்திரத்துச் சித்தூருக்குக் கொண்டுபோய், நான்கு நாட்கள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். காசோலை எழுதப்பட்டபோது மைத்துனர் நேரில் இருந்ததால், அவரால் சாட்சியும் சொல்ல முடிகிறது. ஏதும் நேரில் அறியாத ஒருவர் பெயருக்கு அதிகாரம் கொடுத்திருந்தால், அந்தச் சாட்சியம் எடுபட்டிருக்காது.

இப்போது யார் கல்யாணத்துக்கு அழைத்தாலும், பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ ஒரு முறையாவது நானே பேசி, மேளத்துக்கு அவர்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டு, அதை வாட்ஸாப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்கிறேன். விமானச் சீட்டை அவர்கள் எடுத்து அனுப்பிய பிறகே விடுப்புக்கு விண்ணப்பிக்கிறேன். இதனால் இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. இரண்டுமே முகவர்கள் வழியாக வந்தவை.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்த முகவரோ தை மாத முகூர்த்தங்களுக்கு இன்னமும் ஆள் பிடித்துக்கொண்டிருப்பதாகவும், அட்டையில் என் படம் அப்படியே இருப்பதாகவும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தவில்காரர் சொன்னார். ஜரிகைத் துண்டு போட்டு, கண்ணை மூடி வாசிப்பது போன்ற படம் அது. யாரேனும் அந்த அட்டையை நீட்டி என்னை ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னால், அவர் மூலமாக நான் வரப்போவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்; அச்சாரம் கொடுத்துவிடாதீர்கள்.