பொலிரோவில் ஏ.டி. டயர்: 41,000 கிலோமீட்டருக்குப் பிறகு

மச்சான் போன வாரம் கூப்பிட்டான். "டயருக்கு ஜி.எஸ்.டி. கொறச்சுட்டாங்கல்ல மாப்ள, நானும் உன்னாட்டவே ஏ.டி. போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். "போடாதே" என்று சட்டென்று வாயில் வந்துவிட்டது. அவனுக்குத் திகைப்பு. மூன்று வருஷமாக இந்த டயரை நான் மெச்சிப் பேசியதையெல்லாம் கேட்டவன் அவன்தான். ஏ.டி. என்றால் ஆல் டெரைன், தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் சேர்த்துச் செய்த டயர். போனில் சொல்லி முடியாது என்று உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

வண்டி பொலிரோ, பின்சக்கர இழுவை, டயர் அளவு 215/75 ஆர் 15. 2022 நவம்பரில் ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து ஏ.டி. வாங்கினேன். 36,500 ரூபாய் ஆனது, அன்றைக்கு வரி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான் என்பதால், கம்பெனிக்காரன் விலையை ஏற்றாமல் இருந்தால் இன்றைக்கு அதே ஐந்து டயர் 2,850 ரூபாய் குறைவாகக் கிடைக்க வேண்டும். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகும் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை, ரோட்டைத் தொடும் பக்கத்தில் கட்டை கட்டையாக ரப்பர்ப் பட்டன் வைத்த டயர் எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ இருக்கும்.

வீடு பொள்ளாச்சி. வாரத்தில் மூன்று நாள் தேங்காய் எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போவேன், போக வர 80 கிலோமீட்டர். மற்ற நாள் ஆனைமலைப் பக்கம் இருக்கும் தோப்புக்கு. தார் ரோடு முடிந்ததும் வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம், அப்புறம் இருபக்கமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரி என்கிற மண்பாதை. எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோமீட்டர். நான் ஓட்டும் ஆஃப் ரோடு இவ்வளவுதான்.

அந்த ஒன்றரை கிலோமீட்டரில் இந்த டயர் செய்ததை மறைக்க மாட்டேன். பழைய எச்.டி. டயர் (ஹைவே டெரைன், தார் ரோட்டுக்கான டயர்) இருந்தபோது ஆனி ஆடிச் சாரலில் இட்டேரி நனைந்தால் வண்டியை வாய்க்கால் பாலத்திலேயே நிறுத்திவிட்டு நடப்போம். துணிந்து உள்ளே விட்ட நாட்களில் டிராக்டர் கட்டி இழுத்திருக்கிறோம், இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை. ஏ.டி. போட்ட பிறகு இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான். சாளைக்கு (தோப்பு வீட்டுக்கு) முன்னால் ஒரு ஏற்றம், செம்மண், நடுவில் தண்ணீர் அறுத்த பள்ளம். டயர்க் காற்றை 22 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டு இரண்டாவது கியரில் மெதுவாகக் கொடுத்தால், பின்சக்கரம் அரைச் சுற்று வழுக்கும், பட்டனுக்குள் அப்பிய மண்ணைப் பிடுங்கிப் பின்னால் எறியும், அடுத்த அரைச் சுற்றில் அடிமண்ணைக் கவ்விவிடும். அந்தக் கவ்வல் சீட்டு வரைக்கும் தெரியும். நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியில் இதை எதிர்பார்க்கவே இல்லை. முதல் மழைக்காலம் முழுக்கத் தேவையில்லாமல் கூடத் தோப்புக்குப் போய் வந்தேன்.

பஞ்சரும் குறைந்தது. வேலி ஓரத்துக் கல் டயரின் பக்கச் சுவரான சைடு வாலைக் கிழித்துப் பழைய டயர் ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். சைடு வாலில் கிழிந்தால் ஒட்டு போட முடியாது, டயரே போச்சு. இதில் தோள்பட்டையில் ரப்பர் தடிமனாக இருக்கிறது. கீறல் நிறைய, கிழிசல் இல்லை.

ஆனால் மச்சானுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மண் செம்மண், அவன் காடு குடிமங்கலம் பக்கம், கரிசல். கரிசலில் நனைந்த அன்று ஏ.டி. பத்தடி தாண்டாது. களி பட்டனுக்கு நடுவே அடைத்துக்கொண்டு வெளியேறாது, டயர் மொட்டையாகிவிடும். அதற்கு இடைவெளி அகலமான எம்.டி., அதாவது சேற்றுக்கான மட் டெரைன் டயர் வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓட்டுவது இதைவிடக் கொடுமை. அவனுக்கு மழை நாளில் வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்துவதுதான் வழி, எந்த டயர் போட்டாலும்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

முதல் 20,000 கிலோமீட்டர் வரை சத்தம் இருந்தது, தொந்தரவாக இல்லை. டீசல் இன்ஜின் சத்தத்தில் கரைந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 55 வேகத்தில் மெல்லத் தொடங்கும், 70ல் முழுக் குரல், 90 தாண்டினால் காற்றின் இரைச்சல் அதை மூடிவிடும். நான் கோவை ரோட்டில் ஓட்டுவது 70க்கும் 80க்கும் நடுவில். அந்த நான்குவழிச் சாலையோ காங்கிரீட். தார் மேல் கொஞ்சம் அமுங்குகிற சத்தம் காங்கிரீட்டில் இரண்டு பங்காகிவிடுகிறது. ஊருக்குள் நுழைந்து தார் மேல் ஏறும் அந்த நொடி, யாரோ மோட்டாரை அணைத்த மாதிரி அடங்கும். இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

அம்மா ஒரு நாள் கோவைக்குக் கூட வந்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும், "கண்ணு, வண்டி ஊளையிடுதே, எங்கியாவது ஓரமா நிறுத்திப் பாரு" என்றாள். எனக்கும் பேரிங் போய்விட்டதோ என்று பயம், ஏனென்றால் பேரிங் போனால் வருவதும் இதே ஊளைதான். மறுநாள் மெக்கானிக்கிடம் விட்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றினார், காது வைத்துக் கேட்டார். "பேரிங் நல்லாத்தானுங்க இருக்குது. டயரத் தடவிப் பாருங்க" என்றார். சக்கரம் சுற்றுகிற வாக்கில் உள்ளங்கையை ஓட்டினேன், வழுவழுவென்று போனது. எதிர்ப்பக்கமாக ஓட்டினேன், ரம்பப் பல் மேல் கை வைத்த மாதிரி ஒவ்வொரு பட்டனும் தோலைப் பிடித்தது. ஒவ்வொரு பட்டனிலும் ஒரு விளிம்பு தேய்ந்து மறு விளிம்பு தூக்கி நிற்கிறது.

பட்டன்கள் வரிசையாக ரோட்டை அறைவதாலும், இடுக்கில் காற்று சிக்கி வெளியேறுவதாலும்தான் சத்தம் பிறக்கிறது. எல்லாம் ஒரே சுருதியில் சேர்ந்து பாடிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் பட்டன்களின் நீளத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். புதிதில் அது வேலை செய்கிறது. ரம்பமாகத் தேய்ந்துவிட்டால் அந்த வித்தை பலிப்பதில்லை.

இதில் என் பங்கும் உண்டு. 10,000ல் ஒரு தடவை டயர்களை முன்பின் இடம் மாற்றிப் போட்டேன். அடுத்தது 20,000ல் செய்திருக்க வேண்டும், தேங்காய் சீசன், எண்ணெய் ஆர்டர் என்று 27,000 வரை விட்டுவிட்டேன். பின்சக்கர இழுவை வண்டியில் பின்னால் இருப்பவை நேராக முன்னால் வரும், முன்னால் இருப்பவை இடவலம் மாறிப் பின்னால் போகும். ஸ்டெப்னியைச் சுற்றில் சேர்க்கவே இல்லை, அது இன்றைக்கும் புதுசு. 27,000ல் மாற்றிப் போட்டு, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் செய்தும் சத்தம் கால்வாசிதான் குறைந்தது. ஒரு தடவை ரம்பமானால் அது தேய்ந்து சமமாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். நான் சரியாக மாற்றியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பது நிஜம். வாங்கும்போது கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் நிஜம். "சத்தம் வராதுங்க, இப்ப வர்ற ஏ.டி. எல்லாம் கார் டயர் மாதிரி" என்றுதான் விற்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

மற்றவை சின்ன விஷயம். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தது. இடுக்கில் ஜல்லி மாட்டிக்கொண்டு டக் டக் என்று அடிக்கும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்க வேண்டும். மழை நனைந்த காங்கிரீட்டில் பிரேக் பழைய எச்.டி. அளவுக்குப் பிடிப்பதில்லை. ஐப்பசியில் ஒரு டெம்போ குறுக்கே வந்தபோது நான் கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டி ஒரு ஆள் நீளம் தள்ளித்தான் நின்றேன். அன்றிலிருந்து மழையில் இடைவெளி கூட்டிக்கொண்டேன்.

"பின்னால மட்டும் ஏ.டி. போட்டுக்கிட்டா?" என்றும் மச்சான் கேட்டான். நம் பக்கம் பலர் செய்கிறார்கள். வேண்டாம். முன்னால் ஒரு பிடிமானம், பின்னால் ஒரு பிடிமானம் என்றால் ஈர ரோட்டில் திருப்பத்தில் வண்டி எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. போட்டால் நாலும் ஒரே வகை. எது வாங்கினாலும் சைடு வாலில் டாட் (DOT) என்ற எழுத்து வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பார், 3225 என்றால் 2025ன் 32வது வாரம் செய்தது. 100எஸ் என்று இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 180 வேகம் வரைக்கும் செல்லும், பொலிரோவுக்குத் தாராளம்.

என் டயரில் இன்னும் 5 மி.மீ. பட்டன் இருக்கிறது. டயர் தீர்ந்தது என்று காட்டும் தேய்மான மேடு 1.6 மி.மீ.யில்தான், இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓட்டலாம். இட்டேரியில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் தோப்புக்குள் நான் ஓட்டுவது ஒன்றரை கிலோமீட்டர், காங்கிரீட்டில் 80. போன மாசம் அம்மா கோவைக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள், பஸ்ஸில் போனாள். அதோடு முடிவு செய்துவிட்டேன். நாலு எச்.டி. சொல்லியாயிற்று, செவ்வாய்க்கிழமை மாட்டுகிறார்கள். கழற்றும் நாலையும் கடையில் கொடுத்துவிடவில்லை, சாளைக்கு எடுத்துப் போகிறேன், ஆனி பிறந்ததும் வேண்டியிருக்கும்.