பழைய பூட்டுக்கு எந்த எண்ணெய்? பங்காளி வீட்டுச் சாவிக்காரியின் தீர்ப்பு

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டுக்குள்ளே போடக் கிராஃபைட் பொடி. கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய். கீல் இல்லாமல் குடுமியில் சுழலும் கதவுக்கு விளக்கெண்ணெய். துருப்பிடித்து இறுகியதைக் கழற்ற டபிள்யூடி-40 ஸ்பிரே. தேங்காய் எண்ணெய் தலைக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பணமும் தண்டம், சில சமயம் பூட்டும் தண்டம். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் வீடு என்றால் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடு முற்றம் உள்ள வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் அவரவர் பூட்டு. புள்ளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். சாவிக்கொத்து மட்டும் என்னிடம். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று வந்தால்தான் அந்த அறைகள் திறக்கும். ஆண்டுக்கணக்கில் தொடாத பூட்டு, படைப்புக்கு முதல் நாள் இரவில் மக்கர் பண்ணினால் என்ன பேச்சு வரும் என்பது பங்காளி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும். அதனால் மசகு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்துகள் உண்டு.

தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் கைக்கு வருவது அதுதான். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மார்கழி விடிகாலையில் குளியலறை பாட்டிலுக்கு நடப்பது பூட்டுக்குள்ளும் நடக்கும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் காற்றுப்பட்டுப் பட்டு நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். எந்தச் சமையல் எண்ணெயும் பழசானால் புளிப்பேறும். அந்தப் புளிப்பு பித்தளையில் இருக்கும் செம்போடு சேர்ந்து பச்சையாகக் கிளம்பும். சாவியை வெளியே எடுத்தால் பற்களின் இடுக்கில் பச்சைப் பிசின் ஒட்டிவருகிறதே, அது இதுதான்.

ஒரு முறை பூட்டு ரிப்பேர்காரர் எங்கள் கண்ணெதிரே ஒரு பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டின் தறையாணிகளைத் தட்டி எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே தகடு தகடாக லீவர்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய வில் ஒன்று கீழே அழுத்திக்கொண்டிருக்கிறது. சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் லீவரை அதற்கான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாம் சரியான உயரத்துக்கு வந்தால்தான் தாழ் நகரும். கூடத் தூக்கினாலும் நகராது, குறையத் தூக்கினாலும் நகராது. அந்தப் பூட்டில் இரண்டு லீவர்கள் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்த கருப்புப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழுந்தது. வில்லில் குறையில்லை, சாவியிலும் குறையில்லை. "ஆச்சி, இதுக்குப் பூட்டு வேலை தேவையில்ல, அழுக்கெடுக்கிற வேலைதான்" என்றார் அவர். திண்டுக்கல் பூட்டுகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்த அந்த மாதிரிப் பூட்டுகளுக்கு ஆயுசு கெட்டி. உள்ளே கண்ட எண்ணெயையும் ஊற்றாமல் விட்டாலே போதும்.

இனி டபிள்யூடி-40. நீலமும் மஞ்சளுமாக, சிவப்பு மூடி போட்ட டப்பா. இதை நான் குறை சொல்லப் போவதில்லை, அது தன் வேலையை நன்றாகவே செய்கிறது. 1953-ல் அமெரிக்காவின் சான் டியகோவில் இதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான். அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குப் பயன்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் பின்கட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் நகரமாட்டேன் என்றால் இதை அடித்துவிட்டு, ஒரு காபி குடித்து வந்து தட்டினால் நகரும். ஆனால் இதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிற திரவம். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். கழற்றிய பிறகு துடைத்துவிட்டு வேறு மசகு போட வேண்டும். பூட்டுக்குள் அடித்துவிட்டு அதோடு விட்டால், மேலே இருந்த பழைய பசையைக் கரைத்து லீவர்களுக்கு நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்போதைக்குத் திறக்கும், அடுத்த படைப்புக்குத் திறக்காது. சிங்கப்பூரிலிருந்து வரும் என் கொழுந்தனார் ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பா வாங்கி வந்து, "அண்ணமிண்டி (அண்ணி), இது இருந்தா வேற எதுவும் வேணாம்" என்பார். வாங்கி வைத்துக்கொள்கிறேன். தாழ்ப்பாள்களுக்கு ஆகிறது.

கிராஃபைட் பொடிக்கு வருகிறேன். நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். பென்சிலில் இருக்கும் அதே பொருள். அடுக்கடுக்காக அமைந்தது, அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். எண்ணெய்ப் பசை கிடையாது, ஆகவே தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்காது. செட்டிநாட்டுக் கோடையில் செம்மண் புழுதி எங்கே புகாது சொல்லுங்கள்? அந்தப் புழுதி ஒட்டாமல் இருப்பதே பாதி வெற்றி. வெயிலில் இளகாது, பனியில் இறுகாது, வருஷக்கணக்கில் கெடாது.

பொடி, கூர்மையான மூக்கு வைத்த சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வருகிறது. மூக்கைச் சாவித்துவாரத்தில் வைத்து, குப்பியை மெதுவாக இரண்டு அமுக்கு. புகை போலப் பொடி உள்ளே போகும். பிறகு சாவியைப் போட்டு, திருகாமல் உள்ளே வெளியே நாலைந்து தடவை இழுக்க வேண்டும். அப்புறம் பாதி திருகி, திரும்பி, முழுக்கத் திருக வேண்டும். முதலில் நறநற என்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் போய், லீவர்கள் விழும் 'டக் டக்' மட்டும் தனியாகக் கேட்கும். அதற்கு மேல் பொடி வேண்டாம். நிறையப் போட்டால் நல்லது என்ற நினைப்பு இதில் செல்லாது, அதிகமானால் அடியில் போய்த் தேங்கும்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, கை, சேலை, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் கருப்பாகும். எங்கள் சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்தில் இழைத்துப் பளபளவென்றிருப்பவை. அந்தச் சுவரில் கிராஃபைட் விரலை வைத்தால் பெரியவர்களிடம் பதில் சொல்ல வேண்டிவரும். பழைய செய்தித்தாளைக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குறை பெரியது: ஏற்கெனவே எண்ணெய் போட்ட பூட்டில் இதைப் போட்டால் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும். முதலில் பூட்டைக் கழுவ வேண்டும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாங்கி, ஒரு பழைய டப்பாவில் ஊற்றி, பூட்டை அதில் ஊறவைத்து, சாவியை விட்டு ஆட்டி, அழுக்கு இறங்க இறங்க மாற்ற வேண்டும். சமையற்கட்டு, சாமி விளக்குப் பக்கமே போகாமல் திறந்த வெளியில் செய்யுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும் சாமான் அது. நன்றாக உலர்ந்த பிறகுதான் பொடி.

கிராஃபைட் குப்பி எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்காது. பூட்டு, சாவி மட்டும் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் படம் வரையும் 6பி அல்லது 8பி பென்சில் வாங்கி, சாவியின் பற்கள் இரண்டு பக்கமும் கருக்கும்வரை தீட்டி, போட்டு எடுத்தால் சுமாராக வேலை நடக்கும். எச்பி பென்சில் வேண்டாம், அதில் களிமண் கூடுதல்.

பூட்டைக் கழுவியாயிற்று, வெளியேயும் பளபளவென்று தேய்த்துவிடலாம் என்று தோன்றும். இங்கே ஓர் எச்சரிக்கை. அம்மோனியா வாசனை அடிக்கும் பாலிஷ் எதையும் பூட்டின் உள்ளே இறங்கவிடாதீர்கள். வளைத்தோ அழுத்தியோ செய்த பித்தளைக்கு அம்மோனியா ஆகாது, விரிசல் விடும். இது நம் நாட்டிலேயே வெளிப்பட்ட விஷயம். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. தோட்டா உறைக்கே அந்தக் கதி என்றால் பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய பித்தளை வில் எம்மாத்திரம்? வெளிப்பக்கம் மட்டும் புளியை நனைத்துத் தேய்த்து, நீர் உள்ளே போகாமல் துடைத்து, வெயிலில் வையுங்கள். குத்துவிளக்குக்குச் செய்கிறோமே, அதே கைப்பக்குவம்.

தையல் மெஷின் எண்ணெய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய, நிறமில்லாத மினரல் எண்ணெய், புளிக்காது, பிசினாகாது. ஜன்னல் கீலுக்கு மேலிருந்து ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. கூடினால் இரும்புப் பொடியோடு கருப்பாக வழிந்து கீழே ஆத்தங்குடிக் கல்லில் விழும். சிமெண்டில் செய்த கல், எண்ணெயை உறிஞ்சும், கறை போகாது. அந்தத் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் இருக்கிறது என்பது வேறு விஷயம். பூட்டிலிருந்து மிச்சப்படும் தேங்காய் எண்ணெய் அங்கே போகட்டும்.

விளக்கெண்ணெய்க்கு நான் வக்காலத்து வாங்குவேன். எங்கள் வீட்டு நிலைக் கதவு பர்மாத் தேக்கு, அதற்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி, குடுமி குழியில் உட்கார்ந்து சுழலும். முழுக் கனமும் கீழ்க்குடுமியில்தான். மெல்லிய எண்ணெய் ஊற்றினால் கனம் அதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும், ஒரு வாரத்தில் கதவு மறுபடி முனகும். விளக்கெண்ணெய் கெட்டி, கனத்துக்கு அடியிலும் உலோகத்தை விட்டு விலகாமல் நிற்கும். முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் சுழல் இன்ஜின்களுக்கே விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அந்தக் காலத்து மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகு போடுவதும் இதே கணக்குதான். நான் வைக்கோல் கரிக்குப் பதில் ஒரு சிட்டிகை கிராஃபைட் கலக்கிறேன். ஆசாரியை விட்டுக் கதவைக் கடப்பாரையால் லேசாக நெம்பித் தூக்கச் சொல்லி, குழியைச் சுரண்டித் துடைத்துவிட்டு, இதைத் தடவி இறக்கினால் கதவை ஒரு விரலால் தள்ளலாம். தடித்த கிரீஸ் வாங்கி அப்புகிறவர்களும் உண்டு. மூடிய இடத்துக்கு அது சரி. குடுமிக்குழி திறந்து கிடப்பது, மணல் விழுந்து கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கத் தொடங்கிவிடும்.

சிலிகான் ஸ்பிரே நல்ல சாமான், ஆனால் மரக்கதவுப் பக்கம் வேண்டாம். மரத்தில் பட்டுவிட்டால் பிற்பாடு வார்னிஷ் அடிக்கும்போது அங்கங்கே ஒட்டாமல் குழிகுழியாக விலகும். கொசுவலை போட்ட அலுமினிய ஜன்னலின் தடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மர இழுப்பறைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மின்சாரம் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியில் ஒரு துண்டை எடுத்து ஓரங்களில் தேய்த்தாலே போதும்.

வாங்கும் பட்டியல் கேட்டால், ஒரு கிராஃபைட் குப்பி, ஒரு சிறிய பாட்டில் மெஷின் எண்ணெய், நாட்டு மருந்துக் கடையில் கால் லிட்டர் விளக்கெண்ணெய். டபிள்யூடி-40-ஐ வாங்காமல் கொழுந்தனார் வரும்வரை காத்திருக்கலாம்.