நான்கு ஆண்டுகளாக வீட்டு விளக்குகளுக்கு ஸ்மார்ட் பிளக்: தண்டையார்பேட்டைப் பழைய வீட்டில் நான் கண்டவை

எங்கள் வீடு சென்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு குறுகிய தெருவில், என் மாமனார் கட்டிய பழைய வீடு. அறைகள் ஒன்றன் பின் ஒன்றாக இரயில் பெட்டிகள்போல் நீண்டிருக்கும். கழிப்பறை கொல்லைப்புறத்தில், முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. எழுபத்தெட்டு வயதாகும் என் அத்தை இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அங்கே போக வேண்டியவர். சுவிட்ச் போர்டோ கூடத்தின் எதிர்மூலையில் இருப்பதால், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். 2021ஆம் ஆண்டு வீட்டு நடையில் ஒருநாள் அவர் கால் இடறி விழப்போனதைக் கண்ட பிறகுதான், வைஃபை மூலம் இயங்கும் நான்கு ஸ்மார்ட் பிளக்குகளை வாங்கினேன். சாக்கெட்டில் இதைச் செருகி, இதில் விளக்கை மாட்டினால், கைபேசிச் செயலியிலிருந்தே விளக்கைப் போடலாம், அணைக்கலாம். அன்று முதல் இன்றுவரை அவற்றை அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். சுவரிலோ கூரையிலோ நேரடியாக வயர் இழுத்துப் பொருத்திய விளக்குகளுக்கு இந்தக் கருவி பயன்படாது. பிளக் உள்ள விளக்குகளுக்கு மட்டுமே பயன்படும். ஆகையால் அத்தையின் கட்டிலருகில் உலோக உடல் கொண்ட ஒரு நிலைவிளக்கு, நடையில் பிளக் வயருடன் கூடிய ஒரு சிறிய எல்.இ.டி. டியூப் லைட், கூடத்தில் இரண்டு விளக்குகள் என்று புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அதற்குமுன் நடையில் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது ஒரு ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ வாட். பழைய இழை பல்பு 15 வாட் வரை இழுக்கும். நாள்தோறும் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதங்களில் 9 யூனிட் ஆகிவிடும். ஸ்மார்ட் பிளக்கும் தன் இயக்கத்துக்கென்று சிறிது மின்சாரம் எடுக்கத்தான் செய்கிறது. ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டாலும், நான்குக்கும் சேர்த்து இரண்டு மாதங்களுக்கு 6 யூனிட்டுக்கும் குறைவுதான். இலவச யூனிட் வரம்புக்குள் நிற்கப் பாடுபடும் வீடுகளுக்கு இந்தக் கணக்கும் முக்கியம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, அத்தையின் கட்டிலருகே இருந்த விளக்கு என்னைக் கலங்கவைத்தது. செயலியில் அணைத்த பின்னும் அது முழுமையாக அணையவில்லை. இருட்டில் உற்றுப் பார்த்தால் மின்மினிபோல் மெல்லிய ஒளி தெரிந்துகொண்டே இருந்தது. பிளக் பழுது என்றே நினைத்தேன். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பி டெஸ்டரை எடுத்துச் சாக்கெட்டின் துளைகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். வலப்பக்கத் துளையில் எரிய வேண்டிய டெஸ்டர் இடப்பக்கத் துளையில் எரிந்தது. "அக்கா, பிளக்குல தப்பு இல்ல. சாக்கெட்டுல ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடக்கு" என்றார்.

பாதுகாப்பு என்றால் நான் முதலில் பேச விரும்புவது இதைத்தான். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளுக்குள் இருக்கும் ரிலே என்ற சிறு தானியங்கி சுவிட்ச், இரண்டு வயர்களில் ஒன்றை மட்டுமே துண்டிக்கும்; அது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயராக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கருவியே வடிவமைக்கப்படுகிறது. சாக்கெட்டில் வயர்கள் மாறியிருந்தால், ரிலே மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரைத்தான் துண்டிக்கும். விளக்கு அணைந்ததுபோல் தோன்றும், ஆனால் 230 வோல்ட் ஹோல்டர் வரை வந்து நின்றுகொண்டிருக்கும். எர்த் செய்யப்பட்ட உலோக உடலின் வழியாக மிகச் சிறிதளவு மின்சாரம் கசிந்ததால்தான் அந்த மின்மினி ஒளி தெரிந்தது. அது தெரியாமல் இருந்திருந்தால், செயலியில் அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு நான் பல்பை மாற்றக் கை வைத்திருப்பேன். அன்று வீட்டுச் சாக்கெட்டுகள் அனைத்தையும் சோதிக்கச் சொன்னேன். மொத்தம் மூன்று மாறியிருந்தன. மூன்றையும் சரிசெய்து, மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தினோம். அதன் பிறகும், பல்பை மாற்றுவதென்றால் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்த பிறகே தொடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் வேறொரு கோளாறு வந்தது. கூடத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றில் மூன்று எல்.இ.டி. விளக்குகளைச் செருகி, அந்தப் பெட்டியை ஒரே ஸ்மார்ட் பிளக்கில் மாட்டியிருந்தேன். மூன்றும் சேர்ந்து 50 வாட்கூட இல்லை, பிளக்கிலோ 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. ஓர் இரவு செயலியில் அணைத்தபோது, வழக்கமாகக் கேட்கும் 'டிக்' என்ற ஓசை கேட்கவில்லை. செயலி 'அணைந்தது' என்று காட்டியது; விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. எல்.இ.டி. விளக்குகளுக்குள் இருக்கும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர்கள், விளக்கைப் போடும் அந்த ஒரு கணத்தில், வழக்கமானதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும். அந்த அதிர்வை நாள்தோறும் தாங்கித் தாங்கி ரிலேயின் இரு முனைகளும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. விற்றவர்கள் உத்தரவாதக் காலம் இருந்தும் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. இப்போது ஒரு பிளக்குக்கு ஒரு விளக்கு என்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிளக்கை உருவிப் பார்த்தால் பித்தளைப் பின்களில் கருமையும் சில இடங்களில் பச்சைப் பூப்பும் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் செருகும்போது இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். நடையில் இருந்த சாக்கெட் தளர்ந்திருந்ததால் அதன் முகப்பில் காசளவு பழுப்புத் தழும்பு விழுந்திருந்தது. தளர்ந்த இணைப்பில் சூடேறியதன் அடையாளம் அது. பிளக்கை மாற்றாமல் சாக்கெட்டை மாற்றியதும் சூடு நின்றது. கனமான 16 ஆம்பியர் பின்கள் கொண்ட பிளக்கை அடாப்டர் வைத்துச் சிறிய சாக்கெட்டில் தொங்கவிடுவதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். முற்றத்திலும் கழிப்பறை வாசலிலும் நான் இதை வைக்கவே இல்லை. தண்ணீர் தெறிப்பதைத் தாங்கும்படி செய்யப்பட்ட பொருள் அல்ல இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே மெயினை அணைத்துவிட்டு நான்கு பிளக்குகளையும் உருவிப் பரணில் வைத்தேன். மின்சாரம் திரும்பி, எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துச் சொன்ன பிறகே அவற்றைச் செருகினோம். ஆனால் இணையம் வர மேலும் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில், மாலை ஆறரைக்குத் தானாக எரிய வேண்டிய நடை விளக்கு எரியவில்லை. பிளக்குக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் இணையத்திலிருந்துதான் அது நேரத்தைத் தெரிந்துகொள்கிறது. பிளக்கின் பக்கவாட்டில் உள்ள பொத்தான் மட்டும் உண்மையாக உழைத்தது. அன்று முதல் அத்தையின் கட்டில் விளக்குக்கான பிளக்கை அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் வைத்திருக்கிறோம். மின்வெட்டுக்குப் பின் விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் செயலியில் 'முன்பிருந்த நிலை' என்று மாற்றினேன். அதுவரை ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அத்தையின் விளக்கு அணைந்தே கிடந்தது.

பொருத்தும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைக்க வேண்டும், பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸை ஏற்காது. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது இரவில் அத்தை எழும்போது கட்டிலில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்துகிறார். நடை விளக்கு விடியும்வரை எரியும்படி நேரம் வைத்திருக்கிறேன். "லைட்டு போட்டுட்டுப் போம்மா" என்று அவர் என்னைக் கூப்பிட்டு மாதங்கள் பல ஆகின்றன. மாடிப்படிக்கும் இதுபோல் ஒன்று வேண்டும் என்கிறார். அங்கே உள்ள சாக்கெட்டில் எர்த் வயரே இல்லை என்பதால், அதை முதலில் இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.