காதை வைத்து டைமிங் வைக்கும் பட்டறைகள்: பழைய பெட்ரோல் கார்க்காரர்கள் கவனத்துக்கு

பெட்ரோல் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். நாகர்கோவில் பக்கம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். 1978 மார்க் 3 அம்பாசடர் ஒன்றுக்கு டைமிங் (பிளக்கில் ஸ்பார்க் விழும் நேரம்) வைக்கிறோம் என்று தொடங்கி மூன்று தடவையில் 8,500 ரூபாய் வாங்கினார்கள். நாலாவது தடவை ஹெட்டைக் கழற்ற வேண்டும், 14,000 ஆகும் என்றார்கள். அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது காயிலின் கரண்டைச் சேர்த்து வெட்டும் சிபி பாயிண்ட் ஒரு செட்டும் ஒரு மணி நேர வேலையும்தான்.

முதலில் இருந்த குறை சின்னது. வில்லுக்குறி தாண்டி தக்கலை வரைக்கும் வரும் ஏற்ற இறக்கத்தில் இழுவை குறைவு. டாப் கியரில் ஏற வேண்டிய இடத்தில் மூன்றாவது கியர் கேட்டது. பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். குதிகால் தேயத் தேய பாயிண்ட் திறக்கும் இடைவெளி, அதாவது கேப், குறையும். பாயிண்ட் திறக்கும் நொடியில்தான் ஸ்பார்க் விழும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாக ரிட்டார்ட் (பிந்தும்) பக்கம் போகும். ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், ரோட்டருக்குக் கீழே இருக்கும் கேமில் மிளகளவு கிரீஸ் கூட இல்லாமல் ஓடினால் இந்தத் தேய்மானம் இன்னும் வேகம். அந்த வண்டியில் கேம் வறண்டு கிடந்தது.

பட்டறையில் புதுப் பாயிண்ட் போட்டார்கள். அதுவரை சரி. கேப் வைத்தது எதை வைத்துத் தெரியுமா? ஒடிந்த ஆக்சா பிளேடு துண்டு ஒன்று, பெயின்ட் உரிந்து, விரல் பட்டுப் பட்டுப் பளபளத்துப் போனது. அதைப் பாயிண்ட்டுக்கு நடுவில் செருகி ஸ்குரூவை முறுக்கினார்கள். சாதாரண கை ஆக்சா பிளேடு 25 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.63 மில்லிமீட்டர் தடிமன். அது இந்த எஞ்சினின் பிளக் கேப். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டுக்கு வேண்டியது 14 முதல் 16 தௌ, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஒரு ஃபில்லர் கேஜ் இல்லாத குறையால் பாயிண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாக நின்றது.

கேப் அகலமானால் இரண்டு கேடு சேர்ந்து வரும். பாயிண்ட் சீக்கிரமே திறப்பதால் டைமிங் அட்வான்ஸ் ஆகும், அதாவது முந்தும். அதோடு, பாயிண்ட் மூடி இருக்கும் நேரமும் குறையும். 4 சிலிண்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு 90 டிகிரி சுற்றிலும் சுமார் 60 டிகிரி பாயிண்ட் மூடி இருக்க வேண்டும். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் காந்தம் ஏற்றிக்கொள்வது அந்த நேரத்தில்தான். எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது 60 டிகிரி என்பதே ஒரு நொடியில் 150-ல் ஒரு பங்கு. அதிலும் வெட்டு விழுந்தால் ஸ்பார்க் மெலிந்து, வேகம் எடுக்கும்போது மிஸ்ஸிங் வரும்.

இதற்கு மேல் வந்ததுதான் காது வைத்தியம். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, சத்தம் இனிக்கும் வரைக்கும் திருப்பினார்கள். டைமிங் லைட் (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) இல்லையா என்று கேட்டதற்கு, "லைட்டு எதுக்கு சார்? சத்தம் கேட்டா தெரியாதா? இருவது வருசமா காத வச்சுத்தான் டைமிங் வைக்கேன்" என்று பதில். அட்வான்ஸ் கூடக் கூட ஐடில் ஆர்பிஎம் ஏறும், சத்தமும் மென்மையாகும். அதனால் காதை நம்பித் திருப்புகிறவர் அநேகமாக அட்வான்ஸ் பக்கம்தான் போய் நிற்பார். ஏறிய ஆர்பிஎம்மை ஐடில் ஸ்குரூவில் இறக்கிவிட்டால் முற்றத்தில் நிற்கும் வண்டி தங்கம் போல ஓடும். ஓட்டும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டுகள் விரிந்து, ஏற்கெனவே கூடிப்போன அட்வான்ஸோடு தங்கள் பங்கையும் சேர்க்கும். அப்போதுதான் உண்மை தெரியும். முதல் பில் 1,900.

ஆரல்வாய்மொழி பக்கம் எதிர்க்காற்றில் வண்டியை அழுத்தியபோது நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். 60 தாண்டினால் மிஸ்ஸிங். திரும்பக் கொண்டுபோனால், காயில் வீக் என்று சொல்லி ஒரு "பவர் காயில்" மாட்டினார்கள். 2,300 ரூபாய்.

இந்தக் காயில் விஷயத்தைக் கொஞ்சம் ஊன்றிக் கவனியுங்கள், பல வண்டிகளில் இது நடந்திருக்கும். பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கான நேரடி 12 வோல்ட் காயிலில் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 ஓம். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர், பாயிண்ட் அதைத் தாங்கும். கரண்டைக் குறைக்கும் பேலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்துப் போட வேண்டிய காயில் சுமார் 1.5 ஓம். ரெசிஸ்டர் இல்லாமல் அதை மாட்டினால் 8 ஆம்பியர் வரை பாயும். ஸ்பார்க் ஜோராக இருக்கும், சில வாரங்களில் பாயிண்ட் கருகிவிடும். இந்த வண்டியில் மாட்டியது 1.4 ஓம், ரெசிஸ்டர் கிடையாது. கழற்றிய பாயிண்ட்டில் ஒரு முகத்தில் மேடு, எதிர் முகத்தில் பள்ளம், சுற்றிலும் நீலம் பாரித்த வளையம். அந்த மேடு இருந்தும் 22 தௌ கேஜ் தாராளமாக நுழைந்தது. மேடு இல்லாத இடத்தில் உண்மையான கேப் அதைவிட அதிகம்.

மூன்றாவது தடவை நாக்கிங்கை அமுக்க டிஸ்ட்ரிபியூட்டரை எதிர்ப்பக்கம் இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நாக்கிங் நின்றது. ஆனால் டைமிங் ரிட்டார்ட்டில் போய் நின்றுவிட்டது. தாமதமாகப் பற்றும் பெட்ரோல், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் வீணாக வெளியே ஓடும், போகிற வழியில் ஹெட்டையும் தண்ணீரையும் கொதிக்க வைக்கும். மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் ஊசி சிவப்பைத் தொட்டது. அதற்கு ரேடியேட்டர் அடைப்பு என்று காரணம் சொல்லி ராடு விட்டு, ஹோஸ் மாற்றி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு 4,300 வாங்கினார்கள். அதற்கும் சூடு குறையாததால்தான் ஹெட் கேஸ்கெட், கார்பன் என்று 14,000 கதை.

வண்டியை அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் டைமிங் லைட் போட்டுப் பார்த்தபோது, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்த நிலையில், ஐடிலில் புல்லியில் இருக்கும் குறி வெட்டு, டாப் டெட் சென்டரை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கடந்து 4 டிகிரி பிந்தி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டிலிருக்கும் நுண் திருகு ஆர் (ரிட்டார்ட்) பக்கம் கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது. ஹெட்டில் ஒரு குறையும் இல்லை.

சரியான முறை கஷ்டமானதல்ல. வரிசைதான் முக்கியம்: முதலில் கேப், பிறகு டைமிங். கேப்பைத் தொட்டாலே டைமிங் நகரும் என்பதால், டைமிங் வைத்துவிட்டுக் கேப்பைச் சரிசெய்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். கேமின் முனை குதிகாலை முழுக்கத் தூக்கி நிற்கும்போது 15 தௌ கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். அதன்பின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றுங்கள். புல்லி வெட்டு குறியில் வந்து நிற்பது இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை. அதில் ஒன்றுதான் முதல் சிலிண்டரின் கம்ப்ரெஷன். டாப்பட் கவரைத் திறந்து பாருங்கள். நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கத் தொடங்கும் நிலையில் இருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கிறது. கவரைத் திறக்க மனமில்லை என்றால் முதல் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வையுங்கள், காற்று விரலைத் தள்ளும்.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் டைமிங் கவரில் மூன்று கூர் முனைகள் இருக்கும். நீளமானது டாப் டெட் சென்டர், மற்றவை 5, 10 டிகிரி. அழுக்கைத் துடைத்து, வெட்டிலும் முனைகளிலும் வொயிட்னர் தொட்டு வையுங்கள். முனைகளுக்கு அப்பால் அளக்க வேண்டுமானால் புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து 36-ஆல் வகுங்கள். கிடைக்கும் நீளம் 10 டிகிரி. எத்தனை டிகிரி வைப்பது என்பதற்கு உங்கள் வண்டியின் மேனுவல்தான் கணக்கு. கம்ப்ரெஷன் ரேஷியோவைப் பொறுத்து அது மாறும், பக்கத்து வீட்டு வண்டியின் எண் உதவாது.

வெட்டை அந்த டிகிரியில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன ஒயர் மாட்டும் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை இணையுங்கள். சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது, திறந்ததும் எரியும். இந்த எஞ்சினில் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். எனவே டிஸ்ட்ரிபியூட்டர் உடலை முதலில் அதே பக்கம் திருப்பி பல்பை அணைத்துவிட்டு, பிறகு கடிகாரத் திசையில் மெல்ல மெல்ல, பல்பு பற்றுகிற அந்த நொடியில் நிறுத்தி கிளாம்ப்பை இறுக்குங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி விட்டுவிடாதீர்கள், காயில் கொதித்துவிடும். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு டைமிங் லைட்டில் சரிபார்க்க வேண்டும். லைட்டில் வெட்டு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எந்த டைமிங்கும் நிலைக்காது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது வெட்டு அட்வான்ஸ் பக்கம் நகரவே இல்லை என்றால் உள்ளே வெயிட் இறுகிக் கிடக்கிறது. வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு அசைய வேண்டும். அசையவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூக்கும். நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. மிஸ்ஸிங் என்றதும் டைமிங்கைத் தொடவிடாமல், முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தைத் துடைத்து, பென்சில் கீறல் போல ஓடும் கரிக்கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹேண்டில் போட்டுக் கிளப்புகிறவர்களுக்கு ஒன்று. அட்வான்ஸ் கூடிய எஞ்சின் ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள்.

பட்டறைக்கு விடும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு கோடு மார்க்கரால் கிழித்து, நுண் திருகு நிற்கும் இடத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபில்லர் கேஜ், டைமிங் லைட் இரண்டையும் கண்ணால் பார்த்தபிறகு சாவியைக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். இந்த வண்டியின் பழைய 3 ஓம் காயில் நன்றாகவே இருந்தது, ஆனால் கேட்டபோது தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள். என்ன வேலை, என்ன சாமான் என்று எழுதிய பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இந்த வண்டிக்கு மூன்று தடவையும் வந்தது வெறும் துண்டுச்சீட்டு, தொகை மட்டும் எழுதியது.

சமீபத்தில் யாராவது உங்கள் வண்டியில் காயில் மாற்றியிருந்தால் இன்றைக்கே சாவியை அணைத்து, காயிலின் இரண்டு சின்ன ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரை அந்த இரு டெர்மினலிலும் வையுங்கள். 3 ஓம் பக்கம் காட்டினால் பயமில்லை. 1.5 காட்டி, வழியில் ரெசிஸ்டரும் இல்லை என்றால் பாயிண்ட்டைத் திறந்து பாருங்கள், நீலம் பாரிக்கத் தொடங்கியிருக்கும்.