தாய்ப்பால் பாடத்துக்கு மின்பாடங்கள்: எவை தேறும்?

குழந்தை மார்பைப் பற்றும் விதத்தை நர்சிங் மாணவர்களுக்குக் காட்ட, நெருக்கத்தில் எடுத்த காணொளியை மிஞ்ச ஆளில்லை. வாய் அகலத் திறந்திருப்பது, கீழுதடு வெளியே மடிந்திருப்பது, மோவாய் மார்பைத் தொடுவது, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே இருப்பதைவிட மேலே அதிகம் தெரிவது என 4 அடையாளங்களையும் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். வார்டில் அழுகிற குழந்தையை அப்படி நிறுத்த முடியாதே! முதல் முறை ஒலியை அணைத்துப் போட்டு, குழந்தை விழுங்குவதைக் கண்ணால் எண்ணச் சொல்லுங்கள். தவறான பற்றலைக் காட்டாத காணொளிக்குப் பாதி மதிப்பெண்தான். சரியானதையே பார்த்துப் பழகியவர், வாய்க்குள் காம்பு மட்டும் இருப்பதைக் கவனிக்கத் தவறுவார்.

பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின், அதை வெளியே தள்ள வைக்கும் ஆக்ஸிடோசின் ஆகிய ஹார்மோன்களின் வேலையை விளக்க அசைபடம் போதும்.

கையால் பால் எடுப்பதில்தான் திரை தோற்கிறது. விரல்களை முதலில் நெஞ்சுப்பக்கமாக அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விட வேண்டும். தோல்மேல் வழுக்கினால் வலிக்கும், பாலும் வராது. எவ்வளவு அழுத்துவது என்பதைக் காணொளி சொல்லாது. துணியில் தைத்த மாதிரி மார்பாவது கையில் வேண்டும்.

'எத்தனை மாதம் தாய்ப்பால் மட்டும்?' என்று கேட்டு, 6 என்றதும் பச்சை விளக்கு காட்டும் வினாடிவினா வீண். காணொளியைப் பார்த்து பாலூட்டல் எப்படி நடக்கிறது என்று அளக்கும் லாட்ச் (LATCH) மதிப்பெண் (5 அம்சங்கள், தலா 0 முதல் 2) போட வைக்கும் பயிற்சி எவ்வளவோ மேல். இரு மாணவர்களின் மதிப்பெண் மாறுபடும் இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது.

இலவசப் பாடமென்றால், தயாரிப்புச் செலவு யாருடையது என்று பாருங்கள். பால்மாவு நிறுவனத்தின் சின்னம் இருந்தால், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களுக்கான 1981-ஆம் ஆண்டின் சர்வதேச விற்பனை நெறிமுறையை நினைத்து அதை ஒதுக்கிவிடுங்கள்.